மகராசியின் மணிக்கட்டு

என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். மிருகக்காட்சிசாலையில் கூண்டு கழுவப் போனவர், பாண்டாவைப் பார்த்துக்கொள்கிறவராக ஆனார். அதற்கு மகராசி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவளிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவார். "பேசாம அவளையே கட்டியிருக்கலாமே" என்பேன். "அவ சம்மதிக்கணுமே" என்பார். கொழுப்பு!

கூண்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை என்னுடையது. எல்லாம் கண்ணில் படும். மகராசிக்கு ஐந்து விரலும் ஒரே வரிசை. நம்மைப்போல எதிர்ப்பக்கம் மடங்குகிற கட்டைவிரல் கிடையாது. மணிக்கட்டில் புடைத்து நிற்கிற ஓர் எலும்புதான் அந்த வேலையைச் செய்கிறது. அதற்கும் விரல்களுக்கும் நடுவே மூங்கிலை இறுக்கிப் பிடித்து, பொழுதெல்லாம் மென்றுகொண்டிருப்பாள்.

இந்த வருடம் மூங்கில் நழுவ ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ரெண்டு கையிலயும் அந்த எலும்பு அரிச்சுப் போச்சுண்ணே. வெட்டி எடுத்தா பிடியே இருக்காது. கட்டுப் போட்டா கடிச்சுப் பிச்சிடுவா. வலிக்கு மருந்து தரேன், அவ்ளோதான்" என்றார்.

"வேற வழியே இல்லையாம்மா?" என்றார் இவர்.

"இருந்தா சொல்லமாட்டேனா?"

இவர் என்னதான் செய்யவில்லை? தடித்த மூங்கில் கொடுத்தார், மெல்லியதாகப் பிளந்து கொடுத்தார், கம்பியில் கட்டிக்கூடப் பார்த்தார். வாய்க்கு நேரே நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வாள். தானே பிடித்துத்தான் தின்ன வேண்டும், அவ்வளவு ரோஷம். கஞ்சி வைத்தால் இரண்டு நக்கு நக்கிவிட்டுப் போய்விடுவாள். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். வீட்டில் இவருக்கும் சோறு இறங்கவில்லை. திட்டினேன், கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நேற்று விடுமுறைக் கூட்டம். மகராசி ஒரு மூங்கிலை எடுத்தாள், வாய்வரை கொண்டுபோனாள், விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "சரியான கோமாளிடா இது!" என்றான் ஒருவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் கொதிக்கிற பாலை அப்படியே... சரி, விடுங்கள்.

மூன்றாம் தடவை மூங்கில் உருண்டு கூண்டோரப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. வெறும் கையை வாயருகே வைத்தபடி அவள் இவரையே பார்த்தாள். "அண்ணே, இன்னொண்ணு குடுங்கண்ணே!" என்று கத்தினார்கள். கொடுத்தால் சிரிப்பார்கள். கொடுக்காவிட்டால் அவளுக்குப் பசி. இவர் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

இன்னொன்றைப் பிளந்து நீட்டினார். அவளும் ஆசையாகக் கையை நீட்டி வாங்கினாள். விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.