கம்பவுண்டரின் வெள்ளைப் பொடி

கம்பவுண்டர் என் அப்பாவை 'வாங்க, போங்க' என்று பேசியதுதான் எனக்கு முதல் சந்தேகம். எங்கள் தெருவுக்குள் வந்து அப்பாவை அப்படி அழைத்த சர்க்கார் ஆள் அதுவரை கிடையாது. போதாக்குறைக்கு, அவர் சைக்கிள் தினமும் மிராசுதார் வீட்டு வாசலில் நின்றுவிட்டுத்தான் எங்களிடம் வரும். அங்கே பெரியவருக்குச் சர்க்கரை ஊசி என்றார்கள். நான் நம்பவில்லை. அறுவடைக் கூலியை உயர்த்தச் சொல்லி அப்பா சங்கக் கொடி பிடித்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு நாங்கள் ஆகாதவர்கள்.

அப்பாவுக்குக் காசநோய். சித்தப்பா அதே நோயில் ரத்தம் கக்கிச் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெப்டோமைசின் எழுதியிருந்தார்கள். அதை விழுங்கினால் உடம்பில் சேராதாம், ஊசியாகத்தான் போட வேண்டுமாம். சின்னப் புட்டியில் வெள்ளைப் பொடி. கம்பவுண்டர் அதில் தண்ணீரை ஏற்றிக் குலுக்கி அப்பாவின் இடுப்பில் குத்துவார். பொடி என்ன பொடியென்று யார் கண்டது?

இருமல் குறைந்தது. ஆனால் தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் ஓடுகிற மனுஷன், ஒரு மாதத்தில் வெறுங்கையோடு நடந்து நாற்றங்காலில் விழுந்தார். சாராயம் என்றது தெரு. விஷம் என்றேன் நான். பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்புவதுமில்லை.

மறுநாள் கம்பவுண்டர் ஊசியை வெந்நீரில் போட்ட சமயம், புட்டியைப் பறித்துக்கொண்டு ஓடி வாய்க்காலில் வீசினேன். அம்மா விளக்குமாற்றோடு துரத்தினாள்.

"மிராசு குடுத்த விஷம் அது! அப்பாவுக்குக் காதும் கேக்கல, நடக்கவும் முடியல!" என்று கத்தினேன்.

கம்பவுண்டர் என்னைத் திட்டவில்லை. அப்பாவை நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"மருந்து காதைத் தாக்கியிருக்கு, நடை தள்ளாடுறதும் அதாலதான். இரைச்சல் இருக்கான்னு கேக்கறப்பல்லாம் இல்லன்னு சொன்னீங்களே?" என்று சத்தமாகக் கேட்டார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா ஊசிய நிறுத்திடுவீங்க. தம்பி மாதிரி நானும் போயிட்டா இந்தப் பொண்ண யாருங்க பாக்குறது? காதுதானே, போனாப் போவுதுன்னு இருந்துட்டேன்."

அன்றோடு அந்த ஊசி நின்று, அதற்குப் பதில் மாத்திரைகள் கொடுத்தார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார், காதுதான் திரும்பவில்லை. ஆனால் பிழைப்பார் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? மருந்துதான் தாக்கியது என்று கம்பவுண்டரே சொன்னது, விஷத்தை ஒப்புக்கொண்டது போலத்தான் எனக்குப் பட்டது. கொலையைத் தடுத்துவிட்ட மிதப்பில் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். விஷ ஊசி நின்றதற்காக ஒரு மனுஷன் அழுவானா என்று எனக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.