பேர் சொல்லாத பெண்டாட்டி

எங்கள் தெருவில் வருசா வருசம் பொங்கலுக்கு ஒரு நாடகம் உண்டு. என் வீட்டுக்காரர் இல்லாமல் அது நடந்ததில்லை. நாரணாபுரம் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். வேலையிடத்தில் சிரிக்கவே மாட்டாராம். வெடிமருந்துக்குப் பக்கத்தில் விளையாட்டு ஆகாது என்பார். மேடை ஏறினால் ஆளே வேறு. அவர் வாயைத் திறக்குமுன்னே ஜனம் சிரித்துவிடும்.

போன பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் மதுரை டாக்டர் சொன்னார், இவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது என்று. எனக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். அவரிடமும் சொன்னோம், அதையும் மறந்துவிட்டார். இந்த வருசம் நாடகமே வேண்டாம் என்றாள் மகள். எனக்கு மனசு வரவில்லை. இந்த ஒரு தடவை, யாரும் ஐயோ பாவம் என்று பார்க்காமல், எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு அவர் இறங்கட்டும் என்றிருந்தது. பெண்டாட்டி வேசத்தை நானே கட்டுகிறேன் என்று போய் நின்றேன். பக்கத்தில் இருந்தால் அடியெடுத்துக் கொடுக்கலாம் அல்லவா. இந்த வயசில் ஜோடிப் பொருத்தத்தைப் பாரு என்று தெருவே கேலி பண்ணியது. பண்ணினால் பண்ணட்டும்.

காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய கதை அது. மண்டையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோன புருசனை ஒருத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறாள். சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்கிறார். அவனுக்குத் தெரியாது, அவளோ சொல்ல மாட்டாள். பேரைச் சொன்னால் புருசன் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. நானும் தாலி கட்டிய நாளிலிருந்து சொன்னதில்லை. நம்பிக்கை பாதி, பழக்கம் பாதி. இங்கேயும் எழுதப்போவதில்லை.

கதையில் அவள், அந்தப் பேர்தான் என்று சுவரில் தொங்கும் காலண்டர் சாமியைக் கை காட்டுவாள். எழுதுகிறவர், சாமிக்குக் கீழே அச்சடித்திருக்கும் மளிகைக்கடைப் பேரை எழுதிக்கொள்வார். கடைசியில் அவள் பொறுமை போய்ப் புருசனைத் திட்டித் தீர்ப்பாள். திட்டு காதில் விழுந்ததும் அவனுக்கு ஞாபகம் வந்துவிடும். இந்த வாய் என் பெண்டாட்டிக்குத்தான் உண்டு என்பான், தன் பேரைச் சொல்வான், திரை விழும். பார்க்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று என் வீட்டுக்காரரின் சொந்தப் பேரையே அந்தப் புருசனுக்கும் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு முக்கால்வாசி நன்றாகத்தான் போனது. மறந்தவனாக நிற்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. காலண்டர் இடத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு நான் திட்ட ஆரம்பித்தேன். எழுதிக் கொடுத்ததெல்லாம் தீர்ந்தது. அவர் பேசவில்லை. குரலை இறக்கி அடியெடுத்துக் கொடுத்தேன். அதுவும் ஏறவில்லை. வீட்டில் திட்டுவதையெல்லாம் எடுத்துவிட்டேன், பொங்கி வழிந்த பாலை, கட்டிலில் போட்ட ஈர வேட்டியை. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. அவர் சட்டைப் பையைத் தடவினார், என் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் பையைத் தடவினார். அது நடிப்பில்லை என்று அத்தனை பேரில் எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் பயந்துபோயிருந்தார். பேர் அவரிடம் இல்லை.

நான் சொன்னேன். மைக்கில், தெருவே கேட்க, அவர் பேரைச் சொன்னேன்.

விசில் அடங்க வெகுநேரம் ஆனது. முடிவை நானாக மாற்றிவிட்டேன் என்று நினைத்து, எழுதியவரே முன்வரிசையில் எழுந்து கைதட்டினார். என் வீட்டுக்காரர் அந்தப் பேரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார், புதிதாக அறிமுகமான ஆளின் பேரைச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. பிறகு கும்பிட்டார். திரை விழுந்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார வைத்து அவர் முகத்து வேர்வையைத் துடைக்கப் போனேன். கூச்சத்தோடு துண்டைத் தானே வாங்கிக்கொண்டார்.

"நல்லா நடிச்சீக" என்றார். "உங்களுக்கு எந்த ஊரு?"

என்னை அவர் மரியாதை போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அழுதால் மிரண்டுவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

"உங்க வீட்டுப் பக்கந்தான். வாங்க, சேந்தே போவோம்" என்றேன்.

சரி என்று எழுந்தார். முன்பின் தெரியாத பொம்பளையோடு நடக்கிற நல்ல மனுசனாக, தெரு முழுக்க என்னைவிட்டுத் தள்ளியே நடந்து வந்தார்.