நானும் சொன்ன ஆமென்

மாரில் கட்டி இருக்கிறது என்பது முதலில் டாக்டருக்குத் தெரியும். அடுத்து எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியும். அவளிடம் சொன்னது நான்தான். என் நாக்கை அன்றே யாராவது தைத்துப் போட்டிருக்கலாம்.

தாராவியில் எங்கள் சந்தில் அவள் வாசலும் என் வாசலும் இருபது வருடமாக முகம் பார்த்துக்கொண்டிருந்தன. திருநெல்வேலிப் பக்கம் அடுத்தடுத்த ஊர், ஒரே சபை, பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் வீட்டுக்காரர் புற்றுநோயில் கிடந்தபோது எனக்குச் சோறு பொங்கிப் போட்டவள். அவர் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அதனால்தான் மகளிடம் மூச்சு விடவில்லை. சான்பாடாவில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அப்பாவைப் பார்த்துப் பார்த்து நடுங்கிப்போன பிள்ளை. அவர் போனபிறகு கோயிலுக்கும் வருவதில்லை, ஜெபமும் இல்லை. சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வரப் பத்து நாள். வரட்டும், நல்லதோ கெட்டதோ நானே என் வாயால் அவளிடம் சொல்வேன் என்றிருந்தேன். அது ஒன்றுதான் நான் கேட்டது.

ஆனால் பத்து நாள் பயத்தை ஒருத்தி தனியாகச் சுமக்க முடியுமா? மாட்டுங்காவில் பல் டாக்டரிடம் டோக்கன் எழுதும் வேலை எனக்கு. இரண்டு பேருக்கு ஒரே நம்பரை எழுதிக்கொடுத்துத் திட்டு வாங்கினேன். அன்று சாயங்காலம் அக்காவிடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடாதே, ஜெபம் மட்டும் பண்ணு என்றேன். அவள் என் தலையில் கை வைத்து அழுது ஜெபித்தாள். பொய் சொல்லக்கூடாது, அன்று குழந்தை மாதிரித் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபம். முக்காடு போட்டுப் பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு குறிப்புக்காக ஜெபிப்போம். அக்காவின் முறை வந்தது. நோயாளிகளுக்காக ஆரம்பித்தாள். குரல் உடைந்தது.

"ஆண்டவரே, என் பக்கத்துல இருக்க இந்தத் தங்கச்சி மாருல கட்டி வந்து கலங்கிப் போயிருக்கா. பெத்த மகட்ட கூடச் சொல்ல முடியாமத் தவிக்கா. நீரே தொடும் ஐயா."

ஜெபத்தின் நடுவே ஒருவரை நிறுத்த எங்களில் யாருக்கும் வராது. கண்ணைத் திறப்பதே தப்பு. மூடிய கண்ணோடு நான் எரிந்துகொண்டிருந்தேன். அவள் முடித்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள். பாழாய்ப்போன பழக்கம், நானும் சொன்னேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். அவளுக்கு நான் ஏன் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை.

"நீதான ஜெபிக்கச் சொன்ன? நான் ஒருத்தி ஜெபிச்சாப் போதும்னா சபை எதுக்குட்டி?"

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிருக்காகத்தான் மேய்ந்தேன் என்றால் என்ன செய்ய? மத்தியானத்துக்குள் மகளின் போனுக்கு மூன்று ஆண்ட்டிகள் செய்தி அனுப்பிவிட்டார்கள், மம்மிக்காக ஜெபிக்கிறோம் என்று. அரைநாள் லீவு போட்டு வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது. அந்த ஆண்ட்டிய நம்புன, என்னை நம்பல."

அக்கா மேல் இருந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது.

ரிசல்ட் வாங்கச் செம்பூர் ஆஸ்பத்திரிக்கு மகள்தான் கூட்டிப்போனாள். கிளம்பும்போது அக்கா வாசலுக்கு வந்து ஜெபிச்சு அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இருபது வருடத்தில் அவளிடம் அந்த வார்த்தையை அன்றுதான் சொன்னேன்.

அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மகள் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஜெபிக்கணுமா, எனக்கு வராதே மம்மி என்றாள். ஒண்ணும் சொல்லவேண்டாம், சும்மா இரு என்றேன். என் நாக்கும் அசையவில்லை. பயமாக இருக்கிறது, அக்காவும் என்னைக் கைவிட்டாள், நானும் இவளைக் கைவிட்டேன் என்று உள்ளுக்குள்ளேயே ஆண்டவரிடம் கொட்டினேன். கட்டியைப் பற்றிக் கேட்கவே மறந்துவிட்டேன். நெஞ்சு மெல்ல அடங்கியது. டாக்டர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அடங்கிவிட்டது, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

சாதாரணக் கொழுப்புக் கட்டி என்றார்கள்.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் அக்கா எழுந்து முன்னால் போனாள். தான் கண்ணீரோடு ஜெபித்ததையும் ஆண்டவர் தங்கச்சியைத் தொட்டதையும் மைக்கில் சொன்னாள். எந்த இடத்தில் கட்டி என்பதையும் விடவில்லை. ஆண்கள் பக்கமும் நாலு தலை திரும்பியது.

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் துணைக்கென்று வந்தவள். சபை முழுவதும் ஆமென் என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. செம்பூரில் நான் உள்ளுக்குள் கொட்டியதைக் கேட்டவர் இன்றுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை.