குழாய்க்காரரும் மாடி அறையும்

குழாய்க்காரருக்கு ஒரே மகள். சரியான வாயாடி. அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பள்ளிக்கூடத்தில் நடந்த அத்தனையையும் ஒப்பித்துவிடுவாள். பதினைந்தாவது வயதில் அந்த வாய் மெல்ல மெல்ல அடங்கியது. குளிக்க மறுத்தாள். ஜன்னல் கண்ணாடியில் பழைய பேப்பரை ஒட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றாள்.

குழாய்க்காரர் சுவரில் காதை வைத்துப் பார்த்தார்.

"கேக்குதாப்பா?" என்று மகள் ஆசையாகக் கேட்டாள். இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "செல்லம் குடுத்தே கெடுத்துட்டீங்க, ரெண்டு பேரும்" என்று அவருடைய சொந்த அக்காவே சொன்னாள். அன்றிலிருந்து அவர் மனைவி விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனநலப் பிரிவுக்கு ஒரே ஒரு நீளமான வராந்தாதான். பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் அதுவே. யாரோ ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார். மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூன்று மணிநேரம் நடுங்கினாள். டாக்டரிடம் போனபோது கிடைத்தது மூன்று நிமிடம். ஒரு வியாதியின் பெயரும் மருந்துச் சீட்டுமாக வெளியே வந்தார்கள். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து வந்தாள். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். மகனைக் கூட்டிக்கொண்டு எட்டு வருடமாக அங்கே வருகிறவள்.

"சாப்பிட்டீங்களா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. இரண்டாவதாக அவள் சொன்னதை இன்றைக்கும் குழாய்க்காரர் அப்படியே சொல்வார். "இது நீங்க வளர்த்த வளர்ப்பால வந்ததில்லைங்க. சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதி. இதை யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க, அதான் சொல்றேன்."

மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். ஆறு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

வீணாய்ப்போன ஒரு நகலின் பின்பக்கத்தில் ஜெராக்ஸ் அக்கா கேள்விகளை எழுதிக் கொடுத்தாள். மருந்து வேலை செய்ய எத்தனை நாள் ஆகும்? மாத்திரையைத் துப்பிவிட்டால் என்ன செய்வது? ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது? அந்தத் தாளோடு அவர்கள் மறுபடி உள்ளே போனார்கள். டாக்டரைக் குறை சொல்லக்கூடாது, அத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கேட்கத் தெரியாததுதான் குறை.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்த பெஞ்சில் ஏழெட்டுப் பெற்றோர் கூடினார்கள். பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரி அதிகாரியிடம் போனார்கள்.

"வச்சுக்கிட்டா இல்லைங்கிறேன்? இடம் எங்கம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

குழாய்க்காரர் முன்னால் வந்தார். "இருக்குங்க ஐயா. மாடியில ஒரு அறையைப் பூட்டி வச்சிருக்கீங்க."

"அது மூணு வருஷமா ஒழுகுதுய்யா!"

"கீழே நின்னு கறையைப் பார்த்தேன். ஒரு குழாய் இணைப்புத்தான் போயிருக்கு. சாவி குடுங்க, ரெண்டு நாள்ல நிறுத்திடறேன்."

"சுவரெல்லாம் பூஞ்சை பிடிச்சுக் கிடக்குமே?"

"அதுக்கு எங்ககிட்ட ஒரு பெயிண்டர் இருக்காருங்க. அவர் பையனும் இங்கதான் வர்றான்."

அதிகாரி சிரித்துவிட்டார். சாவி கைக்கு வந்தது. இரண்டு நாள் என்றவருக்கு ஐந்து நாள் பிடித்தது, அது வேறு கதை. அடுத்த மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் டாக்டர் அந்த அறைக்கே வந்து பிள்ளைகளை மட்டும் பார்த்தார். மூன்று நிமிடம் பத்து நிமிடமானது.

பிறகு ஜெராக்ஸ் அக்காவும் குழாய்க்காரரும் இந்த நோயைப் பற்றி எடுத்துச் சொல்லப் பள்ளிக்கூடங்களுக்கு நடந்தார்கள். சில இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அவருடைய மகளின் தலைமையாசிரியை மட்டும் உட்காரவைத்துக் கேட்டார். தேர்வெழுதத் தனி அறையும் கொடுத்தார். நடுவில் இரண்டு தடவை நோய் திரும்பி வந்ததால், மகள் தேர்வை எழுதி முடிக்க மூன்று வருடம் கூடுதலாக ஆனது. இப்போது நூலகத்தில் அரைநாள் வேலை பார்க்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை மாடி அறைக்குப் புதிதாக ஒரு தகப்பன் வந்தான். மகனின் கையை விடாமல் பிடித்திருந்தான். குழாய்க்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணுக்கு முழுசா சரியாயிடுச்சாண்ணே?"

பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "இல்ல தம்பி. மாத்திரை இன்னும் நிக்கலை. ஆனா நேத்து டிவி சத்தத்தைக் குறைக்கலைன்னு என்னைப் பிடிச்சுத் திட்டினா பாரு, அரை மணி நேரம்! நிறுத்தவே இல்ல." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கி, சிரிப்பும் வந்தது. "அந்தத் திட்டை வாங்குறதுக்கு எத்தனை பேர் கைகுடுத்தாங்க தெரியுமா?"