கடைசிப் பந்தி

மற்றவர்கள் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை. ஊட்டச்சத்து ஆலோசகர் என்று அதற்குக் கௌரவமாக ஒரு பெயர். வீட்டில் வயதானவரைச் சாப்பிட வைக்கத் திண்டாடுகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

உப்பில்லாத கஞ்சி

கிள்ளானில் ஒரு முதியோர் இல்லம். சிலருக்கு ரத்தக் கொதிப்பு என்பதற்காக எல்லாருக்கும் உப்பில்லாத கஞ்சி. இப்படிச் செய்தால் யார்தான் சாப்பிடுவார்கள்? நானோ முதல் நாள் உற்சாகத்தில் சத்து, பலம் என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அந்தோணியம்மா ஆன்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க, அப்புறம் நான் சாப்பிடுறேன் லா."

முதல் தட்டு

ரத்தக் கொதிப்பு இல்லாதவர்களின் கஞ்சிக்கு உப்பு வந்தது. ஆனால் முத்தையா அங்கிள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார். இன்னும் எடை குறைந்தால் மூக்கில் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பலவீனமானவருக்கே முதல் தட்டு என்பது அந்த இல்லத்தின் வழக்கம், அதனால் அவருக்குத்தான் முதலில் வைப்பார்கள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் அது வைத்தபடியே அடுப்படிக்குத் திரும்பிவிடும். இல்லத்தை நடத்தும் சுசீலா அக்கா அலுத்துக்கொண்டார்.

"அவருக்குப் பசியே இல்லம்மா. ஊட்டுனாலும் கையத் தள்ளி விடுறாரு."

அடுத்த மேசை

ஒரு மதியம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கண் தன் தட்டில் இல்லை, மேசை மேசையாக ஓடிக்கொண்டிருந்தது. ரசம் வராத மேசையைப் பணிப்பெண்ணுக்குக் கை காட்டினார். பேச்சுக் கொடுத்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் காலமெல்லாம் பரிமாறியவராம். இப்போது நினைவு அப்படியும் இப்படியுமாக இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு என்னை விசித்திரமாகப் பார்த்தார். பசி இல்லாதவர் என்று இவரையா நினைத்தோம் என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

"கஸ்டமர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. நான் எப்படி உக்காந்து சாப்பிடுறது?"

கடைசித் தட்டு

மறுநாளிலிருந்து அவர் தட்டு கடைசிக்குப் போனது. நடை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய், இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லட்டுமா என்று விசாரித்தார். அந்தோணியம்மா ஆன்டியே இரண்டாம் முறை சோறு வாங்கினார். எல்லாரும் எழுந்த பிறகு, அங்கிள் அடுப்படி ஆட்களோடு உட்கார்ந்து தட்டைக் காலி செய்தார். குழாய்ப் பேச்சு மெல்ல அடங்கியது.

அடுத்த முறை நான் போனபோது கூடம் காலியாகிவிட்டிருந்தது, ஆனால் அவர் இன்னும் உட்காரவில்லை. ஆறிக்கொண்டிருந்த அவர் தட்டைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. அவர் என் எதிரே ஒரு தட்டை வைக்கச் சொன்னார்.

"நீங்க இன்னும் சாப்பிடல. நீங்க முடிச்சாதான் எனக்குச் சாப்பாடு."

இப்போது அங்கே போகும்போதெல்லாம் இரண்டு பேரை எடை பார்க்கிறார்கள். அங்கிளுக்கு மெல்ல ஏறுகிறது, எனக்குத்தான் கொஞ்சம் வேகமாக.