ஜான்சியின் நாலு பாத்தி

மரக்காணம் உப்பளத்தில் நாலு பாத்தியைக் குத்தகைக்கு எடுத்தபோது ஜான்சி காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே ஊரே அதைச் செய்யும் என்று பயம். வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருடம் மருந்துக் கடையில் நின்றவள். காற்றில்லாத இரவில் பாத்தித் தண்ணீரின் மேல், பாலில் ஆடை படிவதுபோல் மெல்லிய உப்புப் படியும். அதை நொறுங்காமல் அள்ளிக் காயவைத்துக் கொடுத்தால், சாதா உப்பின் விலையைப்போல் இருபது மடங்கு தரக் குயிலாப்பாளையத்தில் ஒரு கடை இருந்தது. சனிக்கிழமை ஐந்து கிலோ வரவேண்டும், தவறினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கடைக்காரி சொல்லியிருந்தாள்.

திங்களும் செவ்வாயும் அவள் விடிந்து போனபோது ஆடை இல்லை. சேற்றில் கால் தடம் மட்டும் இருந்தது. பக்கத்துப் பாத்திகளில் கூலிக்கு உப்பு வாரும் சடையப்பன் போன வாரம்தான் புது போன் வாங்கியிருந்தான். சந்தேகப்பட அவளுக்கு அது போதும்.

புதன்கிழமை இருட்டோடு போய் உப்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சடையப்பன் வந்தான். தான் வாரும் பாத்திகளை முடித்துவிட்டு அவளுடையதில் இறங்கி, மூங்கில் கழியால் ஆடையைத் தட்டித் தண்ணீரில் கலக்கினான்.

“யாரு சொல்லி இதப் பண்றீங்கண்ணே?”

“யாரு சொல்லணும்? மேல ஆடை கட்டிச்சின்னா கீழ உப்பு விளையாது. நீ ஆபீசு போற மாதிரி ஏழு மணிக்கு வர்ற. பாவமேன்னு தெனம் தட்டி உட்டுட்டுப் போறேன்.”

அவள் கண் கரையிலிருந்த அவன் பையை விட்டு நகரவில்லை. அவன் அதைக் கவனித்துவிட்டான்.

“அதுல கஞ்சி இருக்குது. வேணும்னா குடிச்சிட்டுப் போ.”

மூன்று நாள் போய்விட்டது. நாலு பாத்தியிலும் சேர்த்து விடியலுக்கு ஒரு கிலோ தேறினால் அதிகம். அவன் கூலிக்கு வாரும் பாத்திகளின் ஆடையும் சேர்ந்தால்தான் ஐந்து கிலோ வரும். வேறு வழியில்லாமல், பாதி விலை தருவதாக அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். முதலாளி பத்து மணிக்குத்தான் வருவார், அதற்கு முன் அள்ளிவிடலாம் என்றான் அவன். வியாழனும் வெள்ளியும் இரண்டு பேரும் குனிந்து அள்ளினார்கள்.

“எந்தக் கடைக்கும்மா?” என்று போகிறபோக்கில் கேட்டான்.

“பாண்டியில ஒரு கடைண்ணே.”

சனிக்கிழமை ஐந்து கிலோவையும் மடியில் வைத்துக்கொண்டு பாண்டி பஸ்ஸில் போனாள். பாண்டிக்கு முன்னாலேயே குயிலாப்பாளையம் முனையில் இறங்கியவள், ஊர்க்காரர் யாராவது கூட இறங்குகிறார்களா என்று பார்த்து, பஸ் மறையும்வரை அங்கேயே நின்றாள்.