உப்பு ஒன்பது, சோப்பு நான்கு

கணினியில் கடவுச்சொல் அடிப்பதற்கு முன் மூச்சை இழுத்து நிறுத்துகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும், கோழி தானியம் பொறுக்குவது போல ஒவ்வொரு எழுத்தாகக் கொத்துகிறார். கடைசி எழுத்து விழுந்ததும் விரல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு பெரிய பொத்தான். திரை திறந்துகொண்டால், "விடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு மூச்சை விடுகிறார். திறக்காவிட்டால் விட மறந்துவிடுகிறார். முகம் சிவந்த பிறகுதான் விஷயம் நமக்குத் தெரியும்.

அவர் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்தாறு வருடமாக நாளொன்றுக்கு நாற்பது பேரிடம் "மூச்சை இழுங்க... அப்படியே நிறுத்துங்க... விடலாம்" என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கட்டளை அவர் உடம்பிலேயே ஊறிவிட்டது. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'மூச்சு சார்' என்றுதான் பெயர். அவர் அறைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. டாக்டர்களின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது காதில் விழுவது என் குற்றமல்ல.

ஞாபகசக்தி இல்லாதவர் என்று அவரைச் சொன்னால் வாய் அழுகிவிடும். போன மாதம் இருமலோடு ஒருவர் வந்தார். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பார்த்த மூச்சு சார், "நீங்க ஏணிலேருந்து விழுந்தவர்தானே? எட்டு வருஷம் இருக்கும். இடது பக்கம், ஆறாவது விலா" என்றார். விழுந்தவருக்கே எந்தப் பக்கம் என்பது மறந்துபோயிருந்தது. "முகம் மாறும் சார், வயசாகும், மீசை வரும் போகும். எலும்பு அப்படியா?" என்பது அவர் சித்தாந்தம். அதே மனிதர், அன்றைக்கே, அரை நாள் விடுப்பு கேட்டு விண்ணப்பம் போடுவதற்காகக் கணினி முன் உட்கார்ந்து, வேறு பாடம் படித்துவிட்டு வந்த பையன் வினாத்தாளைப் பார்ப்பது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் பதினொரு கடவுச்சொற்கள் இருக்கின்றன. கணினியைத் திறக்க ஒன்று, எக்ஸ்ரே இயந்திரத்துக்கு ஒன்று, படங்களைச் சேர்த்து வைக்க, பழைய படங்களைத் தேட, விடுப்புக்கு, சம்பளச் சீட்டுக்கு, தீயணைப்புப் பயிற்சி எடுத்ததாக உறுதி சொல்வதற்கு என்று காரியத்துக்கு ஒரு பூட்டு. ஒன்று முப்பது நாளில் காலாவதியாகும், இன்னொன்று நாற்பத்தைந்து. ஒன்று ஏதாவது ஒரு குறி வேண்டும் என்று அடம்பிடிக்கும். மற்றது குறியைக் கண்டாலே கோபித்துக்கொள்ளும். "எலும்புக்கு இருநூத்தி ஆறு பேரு. அத்தனையும் எனக்குத் தெரியும். அது முப்பது நாளைக்கு ஒரு தடவை பேர மாத்திக்கிட்டா வைத்தியம் பாக்க முடியுமா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

மறந்தால் மீட்டுத் தர வழி இல்லாமல் இல்லை. 'நீங்கள் முதன்முதலில் வளர்த்த நாயின் பெயர் என்ன?' என்று கேட்கும். மூச்சு சார் நாய் வளர்த்ததில்லை. ஆனால் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், அந்த நேரத்துக்குத் தோன்றிய ஒரு பெயரைப் போட்டுவைத்தார். இப்போது அதுவும் ஞாபகமில்லை. "இல்லாத நாய்க்கு வெச்ச பேர எங்க போய்த் தேடுறது? கூப்பிட்டா வருமா?"

மூன்று வருடங்களுக்கு முன்பு வரை, மற்றவர்களைப் போல அவரும் துண்டுச் சீட்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைத்திருந்தார். கணினிப் பிரிவு மேடம் அதைக் கண்டுபிடித்து, மாதக் கூட்டத்தில், செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "இது யாரோடதுன்னு நான் சொல்லப்போறதில்ல" என்றார். சீட்டின் தலைப்பிலேயே மூச்சு சாரின் கையெழுத்து அழகாக இருந்தது.

அன்றைக்கு உதித்த யோசனைதான் மளிகைப் பட்டியல். சாமானின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து, பக்கத்தில் அளவையும் அடித்தால் கடவுச்சொல். சாமானுக்கு அடிக்கோடு இருந்தால் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். குறி கேட்கும் இடத்துக்கு ஒரு நட்சத்திரம். கல்யாணமான ஆண் ஒருவனின் சட்டைப் பையில் மளிகைப் பட்டியல் இருந்தால் உலகத்தில் எந்தக் கணினிப் பிரிவு சந்தேகப்படும்? ஒருவரும் சந்தேகப்படவில்லை. சட்டையைத் துவைக்க எடுத்த அவர் மனைவியும் சந்தேகப்படவில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார்.

உப்பு என்பது அடிக்கச் சுலபமான சொல். அதனால் பட்டியல்களில் உப்பு தாராளமாக இருந்தது. நட்சத்திரம் போட்ட சாமான் அவசரம் என்று அந்த அம்மாள் தாமாகவே புரிந்துகொண்டு, அதை முதலில் வாங்கினார். வீட்டில் உப்பு மலையாகக் குவிந்தபோதுதான் மூச்சு சாருக்கு நடப்பது புரிந்தது. அன்றே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினார். தள்ளிக்கொண்டே போனதில், ஏழெட்டு மாதங்களுக்கு முன்பு, அந்த அம்மாள் முழங்கால் வலி என்று ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரரு வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசமாட்டாரு சிஸ்டர். ஆனா வீட்டுல என்ன இருக்கு, என்ன இல்ல, அத்தனையும் அவருக்குத் தெரியும். கையில குடுக்கக் கூச்சம். லிஸ்ட் எழுதி சட்டப் பையில வெச்சிடுவாரு, நான் எடுத்துக்கணும்னு. ஊசி நூல் மொதக்கொண்டு பாத்து எழுதுவாருன்னா பாத்துக்குங்களேன்!"

"குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார் நர்ஸ். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஈய அங்கியை மாட்டிக்கொண்டு நின்ற மூச்சு சார், பொத்தானை அழுத்தாமல் நெடுநேரம் நின்றார். பிறகு அந்த முழங்காலைப் படம் எடுத்தார். அவருடைய கடவுச்சொற்களைச் சுமந்துகொண்டு மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறி இறங்கிய முழங்கால் அது. படத்தை வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு அவர் பட்டியல்களில் கனமான சாமான்கள் குறைந்துபோயின. பஞ்சு, ரப்பர் பேண்டு, குண்டூசி. உண்மையைச் சொல்ல முடியாத மனிதர் எடையைக் குறைத்தார்.

போன வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர் தன் உரிமத்தைப் புதுப்பித்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வரும் காரியம். தவறினால் மறுநாளிலிருந்து இயந்திரத்தைத் தொடக்கூடாது. ஐம்பத்து நான்கு வயதில் திரும்பப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கென்று இருக்கும் தளத்தின் கடவுச்சொல்லைப் போன வருடம் போட்டதோடு சரி. உப்பு, சோப்பு, மெழுகுவத்தி, கடைசியில் நட்சத்திரம் என்பது வரைக்கும் ஞாபகம் இருந்தது. அளவுகள் ஞாபகமில்லை. குத்துமதிப்பாக ஒன்றை அடித்தார். தவறு. மூன்றாவது முறையும் தவறினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பூட்டு. மீட்கும் வழியில் நாய் படுத்திருந்தது. கணினிப் பிரிவு மேடத்தைக் கேட்டார். "அது வெளி சைட்டு சார். என் கையில இல்ல" என்று அவர் போய்விட்டார்.

ஐந்துக்குப் பதினைந்து நிமிடம் இருக்கையில் வீட்டுக்குப் போன் போட்டார். ஒரு கை விசைப்பலகைக்கும் மறு கை நெற்றிக்கும் தேவைப்பட்டதால், போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டியிருந்தார்.

"நான்தான்."

"என்னங்க இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. போன வருஷம் இதே சமயம் ஒரு லிஸ்ட்டு இருந்துச்சே. உப்பு, சோப்பு, மெழுகுவத்தி..."

"மறக்குமா? மெழுகுவத்திக்கு ஸ்டாரு போட்டிருந்தீங்க. கொட்டுற மழையில போய் வாங்கிட்டு வந்தேன். அன்னிக்குக் கரண்டு போகவே இல்ல."

"எத்தன வாங்கின?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான். சொல்லேன்."

"உப்பு ரெண்டு, சோப்பு நாலு, மெழுகுவத்தி ஆறு."

மூச்சை நிறுத்தி அடித்தார். சிவப்பு எழுத்தில், இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று வந்தது.

"நிச்சயமா ரெண்டு உப்புதானா?"

"என்ன வெசாரணை இது? நீங்க எழுதினது எக்கச்சக்கம். ரெண்டு போதும்னு நான்தான் கொறச்சு வாங்கினேன். ஏற்கெனவே வீட்டுல இருக்கிறதக் கடல்ல கொட்டினா கடலுக்கே கரிக்கும்."

"நான் எழுதினது எத்தன?"

"ஒரு வருஷம் கழிச்சு அதத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

பொய் சொல்லத் தெரியாதவர் என்று இல்லை. ஒடிந்த கையைத் திருப்பி வைக்கும்போது "வலிக்காது, வலிக்காது" என்று தினமும் சொல்கிறவர்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சில் காத்திருந்த நோயாளியைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்:

"அது சாமான் லிஸ்ட்டு இல்ல. பாஸ்வேர்டு."

"எது?"

"எல்லாமே. மூணு வருஷமா. எழுதி வெச்சா திட்டுறாங்கன்னு சாமான் மாதிரி எழுதினேன். நீ எடுத்துட்டுப் போய் வாங்கிட்ட."

கையிலிருந்த பாத்திரத்தை அந்த அம்மாள் கீழே வைப்பது போனில் கேட்டது.

"எல்லாமேவா?"

"ம்."

"அந்த ஸ்டாரு?"

"ஏதாவது ஒரு குறி வேணும்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு."

"நான் மழையில போனேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயில கொழுக்கட்ட வெச்ச மாதிரி இருந்தீங்க?"

தடுப்பின் இடுக்கு வழியாகத் தெரிந்த முகம் சிவந்துகொண்டே வந்தது. "சார், மூச்சு" என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, போனுக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு டிராயர் இழுபட்டது. ரப்பர் பேண்டு ஒன்று சுளீரென்று கழன்றது. மூன்று வருடத்துப் பட்டியல்களையும் அந்த அம்மாள் ஒன்று விடாமல் கட்டி வைத்திருந்தார். ஓர் ஆஸ்பத்திரியின் அத்தனை ரகசியங்களும் கரண்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்த செய்தி கணினிப் பிரிவு மேடத்துக்குத் தெரிந்தால் அவருக்குத்தான் முதலில் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டியிருக்கும்.

"உப்பு ஒம்பது" என்றது போன், பாடம் ஒப்பிக்கும் குரலில். "சோப்பு நாலு. மெழுகுவத்தி ஆறு. ஸ்டாரு. உப்புக்கு அடியில கோடு வேற போட்டிருக்கீங்க."

"அது பெரிய எழுத்து."

"ஓஹோ. நல்ல உப்பா பாத்து வாங்கச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

கொத்தினார். திரை திறந்தது. "விடலாம்" என்று சொல்ல மறந்தார். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, இன்னும் ஒரு வருடத்துக்கு இயந்திரம் அவருடையதாயிற்று. அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கமும் வைக்கவில்லை. வெளியே வரலாம் என்றால் திரை மறுபடியும் வழி மறித்தது: கடவுச்சொல்லுக்கு ஒரு வயதாகிவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும், பதினான்கு எழுத்து, எண், குறி.

வழக்கமாக இந்த இடத்தில் கூரையைப் பார்த்துச் சாமான்களைக் கற்பனை செய்வார். அன்றைக்குத் தாளை எடுத்தார், பென்சிலை எடுத்தார், கூரையைப் பார்க்கவில்லை.

"இருக்கியா?"

"எங்க போவேன்?"

"வீட்டுல என்ன தீந்துபோயிருக்கு?"

"பாஸ்வேர்டுக்கா, வீட்டுக்கா?" என்று வந்தது.

யோசித்தார். "ரெண்டுக்கும்."

"உப்புன்னு எழுதினீங்க, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"எழுதல. சொல்லு."

"நூல்கண்டு ரெண்டு. தீப்பெட்டி மூணு. குளியலறைக்கு ஒரு பல்பு."

எழுதினார். வரி வரியாகப் படித்துக் காட்டினார். அளவு சரிதானா என்று கேட்டார். சரி என்றது போன்.

"இதுல எது அவசரம்?"

"பல்புதான். மூணு நாளா இருட்டுலதானே குளிக்கிறீங்க. அதுகூடத் தெரியலையா?"

பெஞ்சில் இருந்த நோயாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். மூச்சு சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, பல்புக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார். பிறகு அதன் மேலேயே, பென்சில் முனை ஒடியும் அளவுக்கு அழுத்தி, இன்னொரு முறை போட்டார்.